பிரேக் லைனும் சக்கரக் கவசமும்: வீட்டில் விமானம் கட்டுபவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

இருபத்திரண்டு வருடம் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் சின்ன விமானங்களின் பராமரிப்பில் இருந்தேன். என் தங்கையின் மகன் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் தன் கராஜில் ஆர்வி-9ஏ என்ற, துண்டுகளாக வாங்கிப் பூட்டும் சின்ன விமானம் ஒன்று கட்டுகிறான். அவன் வாரம் ஒரு கேள்வி அனுப்புவான். அவனுடைய நண்பர்கள் இரண்டு பேர், மெல்பேர்ணில் ஒருவர், இங்கே என்னிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகும் பராமரிப்பு மாணவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரேக் லைனை ஒரு வேலை என்றும் சக்கரக் கவசத்தை இன்னொரு வேலை என்றும் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே வேலை. கவசம் போட்டபிறகு பிரேக் கண்ணுக்குத் தெரியாது, அதன் சூடும் லேசில் வெளியே போகாது.

மாமா, வீல் பேன்ட், ஸ்பாட், ஃபேரிங் என்று ஆளாளுக்கு ஒவ்வொன்று சொல்லுகினம். எல்லாம் ஒன்றோ?

அமெரிக்காவில் வீல் பேன்ட், பிரித்தானியாவில் ஸ்பாட். இரத்மலானையில் பழைய ஆட்கள் பிரித்தானியப் பழக்கத்தில் ஸ்பாட் என்றுதான் சொல்வார்கள். ஃபேரிங் என்பது பொதுப்பெயர்: காற்று வழுக்கிப் போவதற்காக மேலே மூடும் எந்த உறைக்கும் அது பொருந்தும்.

முழுத் தொகுதியில் மூன்று வகைத் துண்டுகள் இருக்கும். சக்கரத்தை மூடும் பெரிய கவசம் ஒன்று. சக்கரத்தை உடலோடு இணைக்கும் கால்தண்டை மூடும் ஒடுங்கிய நீள உறை இன்னொன்று. அந்தத் தண்டு மேலே உடலோடும் கீழே கவசத்தோடும் சேருகிற மூலைகளை மூடும் சின்ன இணைப்பு உறைகள் மூன்றாவது. கீழே 'கவசம்' என்று நான் எழுதும்போது பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்கிறேன்.

சேர், சின்ன விமானத்தின் பிரேக் கார் பிரேக் மாதிரித்தானே?

தத்துவம் ஒன்றுதான், அமைப்பு வேறு. காரில் ஒரு பெடல், மிதியை ஓயில் அழுத்தமாக மாற்றும் ஒரு மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரம். இங்கே பெரும்பாலும் வலக்காலுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர், இடக்காலுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் தனித்தனி ஓயில், தனித்தனி லைன். ஒரு பக்கத்து லைன் போனால் மற்றப் பக்கம் வேலை செய்யும். ஆனால் அப்போது விமானம் நல்ல பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடும். காரில் உள்ளதுபோல மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும் கிடையாது. உங்கள் பாதத்தின் பலம்தான் எல்லாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு, அது கீழே பல தடவை வரும். ஆர்வி 'ஏ' வகைகளில் முன்சக்கரம் தன்பாட்டில் திரும்பும் சக்கரம். அதற்கும் பெடலுக்கும் தொடுப்பில்லை. தரையில் மெதுவாகப் போகும்போது பிரேக்கால்தான் திருப்பவேண்டும். ஆகவே பிரேக் நிறுத்துவதற்கு மட்டுமல்ல, ஸ்டியரிங்கும் அதுவே.

பிரேக் லைன் என்று எதைச் சொல்லுறீங்கள்? எங்கே தொடங்கி எங்கே முடியுது?

ஓயில் தாங்கியிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்கு வரும் குழாயில் அழுத்தமே இல்லை, அதை விடுங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை பேடுகளால் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வரை போவதுதான் அழுத்தம் தாங்கும் லைன். அது மூன்று இடங்களைக் கடக்கிறது: காலடியில் பெடலோடு ஆடும் பகுதி, உடலுக்குள் அசையாமல் ஓடும் பகுதி, கால்தண்டோடு இறங்கிக் காலிப்பரில் சேரும் பகுதி. நடுப்பகுதி அசையாது என்பதால் அங்கே அலுமினியக் குழாய் வருடக்கணக்கில் நன்றாக இருக்கும். வில்லங்கம் எப்போதும் இரண்டு முனைகளிலும்தான்.

அலுமினியக் குழாய் நல்லாத்தானே இருக்கு, ஏன் மாற்றவேணும்?

பல வீட்டுக்கட்டு விமானங்களில் கால் அங்குல மென் அலுமினியக் குழாய்தான் காலிப்பர் வரை போகிறது. மென் அலுமினியம் கையாலேயே வளையும், வேலைக்குச் சுகம். ஆனால் திரும்பத் திரும்ப அசைத்தால் இறுகி வெடிக்கும். காலிப்பரோ ஓரிடத்தில் நிற்காது. பிரேக் அழுத்தும்போது ஊசிகளில் வழுக்கி நகரும், பேட் தேயத்தேய அதன் இடமும் மாறும். கால்தண்டு ஒவ்வொரு தரையிறக்கத்திலும் வில்லாக வளைந்து நிமிரும். இந்த அசைவை எல்லாம் கடைசியில் வாங்குவது குழாயின் முனையில் புனலாக விரித்திருக்கும் பிளேயர் பகுதி. அசைவை விழுங்கட்டும் என்று சிலர் கடைசியில் குழாயை ஒரு சுற்றுச் சுற்றி வளையமாக விடுவார்கள். அது உதவும், ஆனால் அந்த வளையமே கவசத்தின் உள்பக்கத்தில் உரசத் தொடங்கினால் வந்த பிரச்சினை போய் வேறு பிரச்சினை வரும்.

ஒருமுறை கசிகிற நட்டு ஒன்றைக் கழற்றினேன். வெறுங்கண்ணுக்குப் பிளேயர் பளிச்சென்று புதிதாக இருந்தது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால், புனல் தொடங்கும் கழுத்தில் தலைமுடி ஒட்டியதுபோல ஒரு கோடு, வட்டத்தில் கால்வாசிக்கு. துணியால் துடைத்தேன், போகவில்லை. பெருவிரலால் லேசாக வளைத்ததும் அந்த இடத்திலேயே திறந்துகொண்டது. அசையும் இரண்டு முனைகளுக்கும் வளையும் ஹோஸ் போடவேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். நடுக்குழாயை அப்படியே விடலாம்.

பின்னல் போட்ட ஸ்டெயின்லெஸ் ஹோஸ் போட்டால் பிரேக் கூடப் பிடிக்குமாமே?

பிடிமானம் அதிகரிக்காது. பேடை அழுத்தும் விசை ஓயிலின் அழுத்தத்தையும் காலிப்பர் பிஸ்டனின் பரப்பையும் பொறுத்தது. ஹோஸ் எதனால் செய்தது என்பது அதற்குள் வராது. ஆனால் காலடியில் பழைய பிளாஸ்டிக் குழாய் இருந்த விமானமென்றால் பெடல் கெட்டியாவது உடனே தெரியும். அழுத்தும்போது பிளாஸ்டிக் ஊதுகிறது, நீங்கள் மிதித்த மிதியில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. உள்ளே டெஃப்லோனும் வெளியே ஸ்டீல் பின்னலும் உள்ள ஹோஸ் ஊதாது.

உண்மையான லாபம் சூடு தாங்குவதில் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகும். டெஃப்லோன் ஹோஸ் 200 பாகை செல்சியஸ் தாண்டியும் நிற்கும். காலிப்பருக்குப் பக்கத்தில் உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பஞ்சிகாவத்தையில் அரைமணித்தியாலத்தில் ஹோஸ் அடித்துத் தருவாங்கள், அதைப் போடலாமோ சேர்?

இந்தக் கேள்வியை நான் நக்கலாக எடுப்பதில்லை. கொழும்பின் வாகனச் சாமான் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் கைத்திறன் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள், என் காருக்கு அங்கேதான் போகிறேன். விமானத்துக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் பொருத்தம்.

முதலாவது, கோணம். விமானக் குழாய்களின் ஏ.என். (அமெரிக்க விமானப் பாகத் தரம்) பிளேயர் 37 பாகை. வாகனப் பட்டறைகளில் பெரும்பாலும் 45 பாகை. கால் அங்குல அளவில் இரண்டு வகை நட்டுக்கும் மரை ஒன்றாகவே ஏறிவிடும் என்பதுதான் ஆபத்து. கையால் சுற்றும்போது சரியாகப் பொருந்தியதுபோலவே இருக்கும். உள்ளே கூம்பு கூம்போடு முழுதாகப் படியாமல் ஒரு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவது, றப்பர். காரின் ஹோஸ் காரின் ஓயிலுக்கென்று செய்தது. விமானத்தின் சிவப்பு ஓயில் பட்டால் அந்த றப்பர் ஊறி வீங்கும், அடுத்த கேள்வியில் சொல்கிறேன். மூன்றாவது, சோதனை. விமானத்துக்கு ஹோஸ் செய்பவர்கள் ஒவ்வொன்றையும் அழுத்தச் சோதனை செய்து, தேதியோடு பட்டி கட்டித் தருகிறார்கள். அந்தப் பட்டியைக் கழற்றி எறியாதீர்கள். விமானத்தின் பதிவேட்டோடு வைத்திருங்கள்.

அவசரத்துக்கு டொட் 4 ஊற்றினால் என்ன நடக்கும்?

ஊற்றவே வேண்டாம். சின்ன விமானங்களில் பெரும்பாலானவை கனிம எண்ணெய் வகை ஓயிலில் ஓடுகின்றன. மில்-எச்-5606 என்று பெயர், சிவப்பு நிறம். அதற்கு நைட்ரைல் றப்பர் ஓ-ரிங், அதாவது கசிவை அடைக்கும் வளையம். கார்களுக்கு ஊற்றும் டொட் 3, டொட் 4 எல்லாம் கிளைக்கோல் வகை, அவற்றுக்கு வேறு றப்பர். மாறி ஊற்றினால் ஓ-ரிங் ஊறிப் பருத்து இளகும், சில நாளில் கசியும், அல்லது பிஸ்டன் இறுகி பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும்.

சில இலகு விமானங்களில் கிளைக்கோல் ஓயிலுக்கென்றே செய்த பிரேக் வரும், அதற்கு அதுதான். ஆக, விதி இவ்வளவே: உங்கள் காலிப்பர் செய்தவர் சொன்ன ஓயில். தவறாக ஊற்றியது தெரிந்தால் வடித்துவிட்டு நல்லதை ஊற்றுவது போதாது. ஓ-ரிங் முழுவதையும் மாற்றவேண்டும், லைனையும் கழுவவேண்டும்.

5606-ஐ விட 83282 நல்லதென்று சொல்லுகினம், மாற்றலாமா?

மாற்றலாம், நான் மாற்றச் சொல்வேன். 83282 செயற்கை எண்ணெய். இதுவும் சிவப்பு, அதே ஓ-ரிங்குகளோடு ஒத்துப்போகும், 5606-ஓடு கலந்தாலும் கெடுதி இல்லை. தீப்பற்றும் குணத்தில்தான் வித்தியாசம். 5606-இன் ஆவி 82 பாகை செல்சியஸ் அளவிலேயே தீப்பொறிக்குப் பற்றக்கூடும். 83282-க்கு அது 205 பாகை. கலந்து ஊற்றினால் அந்த நன்மை குறையும் என்பதால் பழையதை முழுக்க வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

கூடவே காலிப்பரின் ஓ-ரிங்கை நைட்ரைலிலிருந்து வைட்டன் என்ற வேறு றப்பருக்கு மாற்றுபவர்களும் உண்டு. நைட்ரைல் 120 பாகையை அண்டி இறுகத் தொடங்கும், வைட்டன் 200 வரை நிற்கும். கொழும்பில் இருப்பவர் யோசிக்காமல் போடலாம். ரொறன்ரோவில் இருப்பவர் யோசிக்கவேண்டும். கடுங்குளிரில், மைனஸ் 20-ஐத் தாண்டும்போது, வைட்டன் விறைத்துக் கசியப் பார்க்கும். குளிர்காலத்தில் பறக்காத விமானம் என்றால் சரி.

ஹோஸை எப்படி ஓட்டவேணும்? நேராகக் கீழே இழுத்துவிட்டால் போதும்தானே?

இழுத்து விறைப்பாக விடக்கூடாது, தொங்கவும் விடக்கூடாது. அழுத்தம் ஏறும்போது ஹோஸ் நீளத்தில் கொஞ்சம் மாறும், கால்தண்டும் வளையும். அதற்குரிய தளர்வு வேண்டும். பெடலை இரண்டு பக்கமும் முழுதாக ஆட்டி, சக்கரத்தைத் தூக்கி இறக்கி, ஹோஸ் எங்காவது விறைக்கிறதா என்று பாருங்கள். முறுக்கும் கூடாது. ஹோஸ் வாங்கியதும் அதன் நீளத்துக்கு பேனாவால் ஒரு நேர்கோடு போட்டுவிடுங்கள். பூட்டியபின் கோடு சுற்றிக்கொண்டு போனால் முறுக்கு இருக்கிறது. டெஃப்லோன் வளைந்த வடிவத்தைப் பழகிக்கொள்ளும் பொருள் என்பதால், பழைய ஹோஸைக் கழற்றினால் நிமிர்த்தாதீர்கள். நிமிர்த்தினால் உள்ளே மடிந்து உடையும்.

ஸ்டீல் பின்னல் ஒரு அரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் பட்டால் அறுக்கும், பெயின்றைத் தின்னும், ஆர்வியின் ஸ்டீல் கால்தண்டில் பெயின்றை உரித்துவிட்டால் அந்த இடத்தில் கறள் ஏறும். மேலுறை போட்ட ஹோஸ் வாங்குங்கள், றப்பர் வைத்த கிளாம்பால் கட்டுங்கள். கிளாம்புக்காகக் கால்தண்டில் துளை போடவே கூடாது. அது வில் மாதிரி வேலை செய்யும் உருக்கு, ஒரு சின்னத் துளையிலிருந்து வெடிப்புத் தொடங்கிவிடும். காலிப்பரை அண்டிய கடைசிப் பகுதிக்கு தீயுறை மாட்டிவிடுவது நல்லது.

நட்டு கசியுது. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்குமோ?

கசியும் நட்டை இறுக்குவது எல்லோருக்கும் வரும் கை. கால் அங்குல அலுமினியக் குழாயின் பிளேயர் நட்டுக்கு இறுக்கம் 40 முதல் 65 அங்குல-பவுண்டு. அது சின்ன ஸ்பனரில் மணிக்கட்டால் இறுக்கும் அளவுதான். அதைத் தாண்டினால் பிளேயர் நசுங்கி மெலியும், நாளைக்கு நான் மேலே சொன்ன முடிக்கோடு அங்கேதான் வரும். கசிந்தால் கழற்றுங்கள், பாருங்கள், தேவையென்றால் குழாயை வெட்டிப் புது பிளேயர் அடியுங்கள். ஏ.என். 818 நட்டோடு, அதற்குள் குழாயைத் தாங்கும் 819 ஸ்லீவையும் மறக்காமல் போட்டுவிட்டு அடியுங்கள். பிளேயர் அடித்து முடித்தபிறகு ஸ்லீவ் மேசையில் கிடப்பதைக் கண்டு தலையில் கைவைத்த மாணவர்கள் எத்தனையோ பேர்.

பிளேயருக்கு சீலன்ட் எதுவும் பூசக்கூடாது, உலோகம் உலோகத்தோடு படிந்துதான் அடைக்கும். காலிப்பர் உடம்பில் ஏறும் கூம்பு மரைக்குத்தான் சீலன்ட் வேண்டும். முதல் மரையை விட்டு இரண்டாவதிலிருந்து பூசுங்கள், உள்ளே போய் அடைக்காது.

எத்தனை தடவை பம்ப் பண்ணினாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கு.

காற்று நிற்கிறது. காரில் பழகியவர்கள் மேலிருந்து ஊற்றிக் கீழே வடிக்கப் பார்க்கிறார்கள். விமானத்தில் கீழிருந்து மேலே தள்ளுங்கள். காற்று மேலே போகத்தான் விரும்பும், அதன் வழிக்கே விடுங்கள். காலிப்பரில் காற்றெடுக்கும் முனையான பிளீடரில் தெளிந்த குழாயைச் செருகி, கைப்பம்பால் மெதுவாக ஓயிலை ஏற்றுங்கள். மேலே தாங்கியில் ஒருவர் நின்று குமிழி நிற்கும்வரை பார்க்கவேண்டும். வேகமாகப் பம்ப் பண்ணினால் குமிழி நுரையாக உடைந்து மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். ஹோஸ் எங்காவது மேலே வளைந்து கீழே இறங்கினால் அந்த முதுகில் ஒரு குமிழி பிடிவாதமாக நிற்கும். விரல் கணுவால் ஹோஸைத் தட்டிக்கொண்டே ஏற்றுங்கள்.

புது லைன், புது பேட், காற்றும் எடுத்தாச்சு. பிறகும் பிடிக்குதில்லை.

புது பேட் பழகவில்லை. கிளீவ்லண்ட் என்ற பெயரில் வரும் விமானப் பிரேக்கின் சாதாரண பேடுக்கு வழக்கமான முறை இது: இன்ஜினை 1700 ஆர்.பி.எம்.-இல் வைத்து, பிரேக்கை இழுத்துப்பிடித்து மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் 1500 அடி ஓட்டுங்கள். பிறகு 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள். அதன்பின் நின்ற இடத்தில் இன்ஜின் வேகத்தைக் கூட்டி, பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். உலோக வகை பேடுக்கு முறை வேறு. எதுவாக இருந்தாலும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். வேண்டுமென்றே சூடேற்றும் வேலையை மூடிய பெட்டிக்குள் செய்யக்கூடாது.

கவசம் போட்டால் உண்மையாகவே வேகம் கூடுமா, அல்லது வடிவுக்குத்தானா?

கூடும், அதுவும் நினைப்பதைவிடக் கூட. ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். ஒன்றேகால் அங்குல உருண்டைத் தண்டு, இரண்டடி நீளம், வேகம் 160 நொட் (மணிக்கு 160 கடல் மைல்). இவ்வளவு மெல்லிய ஒரு தண்டே ஏறத்தாழ 9 கிலோ எடைக்குச் சமமான இழுவையைத் தரும், இரண்டு தண்டுக்கும் 18. அதே தண்டுகளுக்கு மீன் வடிவ உறை போட்டால் இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ அளவுக்கு இறங்கும். மிச்சப்படுவதை அந்த வேகத்தோடு பெருக்கினால் ஏறத்தாழ 18 குதிரைத்திறன் வருகிறது. 160 குதிரைத்திறன் இன்ஜினில் பத்தில் ஒரு பங்குக்கு மேல், சக்கரத்துக்குக் கூடப் போகாமல் கால்தண்டிலேயே.

இழுவை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 80 நொட்டில் பறக்கும் விமானத்துக்கு இதே இழுவை நாலில் ஒரு பங்குதான். ஆகவே மெதுவாகப் பறப்பவர் மினக்கெட்டு எல்லாத் துண்டுகளும் போடத் தேவையில்லை. வேகமாகப் பறப்பவர் இணைப்பு உறைகளை 'பிறகு பார்ப்போம்' என்று விடக்கூடாது. மூலையில் காற்று குழம்பினால் பெரிய கவசத்தின் லாபத்தையும் அது கொஞ்சம் தின்றுவிடும்.

டயருக்கும் கவசத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடவேணும்? நேராக நிற்குதா என்று எப்படிப் பார்க்கிறது?

டயருக்கு மேலே ஒரு அங்குல ஸ்பொஞ்சுத் துண்டை வைத்து, அதன்மேல் கவசத்தை உட்காரவைத்து அளவெடுப்பதுதான் பலரும் செய்யும் முறை. பக்கங்களில் டயர் பாரத்தில் பிதுங்குவதற்கும் கல் சிக்காமல் வெளியேறுவதற்கும் இடம் வேண்டும். காற்றடிக்கும் வால்வுக்கு நேராக ஒரு துளை போட்டு மூடி வைத்துவிடுங்கள். அந்தத் துளை இல்லாததால் மாதக்கணக்கில் டயர் அழுத்தமே பார்க்காத விமானங்களைக் கண்டிருக்கிறேன். காற்றுக் குறைந்த டயர் பிதுங்கிக் கவசத்தை உரசும்.

நேர் பார்ப்பதை விமானம் தரையில் நிற்கும்போது செய்யாதீர்கள். பாரத்தில் கால்கள் விரிந்து சக்கரம் சாய்ந்திருக்கும். ஜாக்கில் ஏற்றிக் கால்கள் தொங்கும் நிலையில், உடல் பறக்கும்போது இருப்பதுபோல மட்டமாக வைத்து, நடுக்கோட்டைத் தூக்குக்குண்டால் தரையில் இறக்கிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். ஒவ்வொரு கவசத்தின் மூக்கும் வாலும் அந்தக் கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் வரவேண்டும். கால்தண்டு உறை கோணலாக இருந்தால் அது சுக்கான் மாதிரி வேலை செய்யும், விமானம் ஒரு பக்கம் இழுக்கும். புதிதாகப் பறந்த ஒருவர் சுக்கானில் குறை தேடிக்கொண்டிருக்க, குறை இந்த உறையில் இருந்தது.

கவசம் போட்டதிலிருந்து பிரேக் மணக்குது. தீப்பிடிக்குமா?

பிடித்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். 800 கிலோ விமானம் 50 நொட்டில் உருளும்போது அதனிடம் ஏறத்தாழ 260 கிலோஜூல் சக்தி இருக்கும். முழுவதையும் பிரேக்கால் நிறுத்தினால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 130. டிஸ்க் ஒன்றரைக் கிலோ உருக்கு என்று வைத்தால் 175 பாகை சூடு ஏறும். கொழும்பின் 30 பாகையோடு சேர்த்து 200-ஐத் தாண்டும். மேலே நைட்ரைலுக்கும் 5606-க்கும் சொன்ன எண்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் ஒரேயொரு இறக்கத்தில்.

இறக்கத்தைவிட மோசமானது டாக்சி, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிக்கொண்டு போவது. இன்ஜினைக் கொஞ்சம் கூட வைத்து, ஓடாமல் பிரேக்கால் பிடித்துக்கொண்டே போவது பலருக்குப் பழக்கம். 20 கிலோ இழுவையை ஒரு கிலோமீற்றருக்குப் பிடித்தால் 200 கிலோஜூல், ஒரு முழு நிறுத்தத்தின் சூட்டில் முக்கால்வாசி. இரத்மலானை ஓடுபாதை 1.8 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அதன் முழு நீளத்துக்கும் அப்படிப் போனால் பறக்கமுன்னமே ஒரு இறக்கத்துக்கும் மேலான சூட்டை ஏற்றிவிட்டீர்கள். குறுக்குக் காற்றில், திரும்பும் முன்சக்கரத்தோடு, ஒரே பக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் சூடு முழுவதும் அந்த ஒரு டிஸ்க்கில். முன்சக்கரம் இதேபோலுள்ள சிரஸ் எஸ்.ஆர்.20, எஸ்.ஆர்.22 விமானங்களில் இப்படிச் சூடேறி, ஓ-ரிங் கெட்டு, கசிந்த ஓயில் சூடான டிஸ்க்கில் பட்டுத் தீப்பிடித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அந்த விமானங்களின் காலிப்பரில் வெப்பநிலை ஸ்டிக்கர் ஒட்டும் ஏற்பாடு வந்தது. சூடு அளவைத் தாண்டினால் ஸ்டிக்கர் கறுக்கும், ஆறிய பிறகும் வெளுக்காது. சின்னச் சாமான், உங்கள் காலிப்பரிலும் ஒட்டுங்கள். அதைப் பார்க்கக் கவசத்தில் ஒரு துளை விடுங்கள்.

விமானத்தை நிறுத்தி இறங்கியதும் ஆபத்து முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஓடும்போது கொஞ்சமாவது காற்று உள்ளே போகும். நின்றதும் அதுவும் இல்லை. டிஸ்க்கின் சூடு பேட் வழியாகக் காலிப்பருக்கு ஏறுவது நின்றபிறகுதான், சில நிமிடங்கள் கழித்து ஓ-ரிங் உச்சச் சூட்டில் இருக்கும். மணம் வந்தால் பார்க்கிங் பிரேக் போடாதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், உடனே ஹேங்கருக்குள் தள்ளாதீர்கள், தீயணைப்பானோடு கொஞ்சநேரம் பக்கத்தில் நில்லுங்கள்.

மழைக்காலத்தில் கவசத்தைக் கழற்றிவிடலாமா?

புல்தரையிலோ சேற்றிலோ இறங்குபவர் கழற்றுவது நல்லது. ஒரு ஒக்டோபர் மழைக்குப் பிறகு பயிற்சி விமானம் ஒன்றின் கவசத்தைக் கழற்றினேன். உள்ளே செம்மண் டயரின் வளைவிலேயே காய்ந்து, சட்டிமாதிரி இறுகி நின்றது. அதைத் தட்டி எடுத்தபின் பிரேக் லைனில் ஒரு பளபளப்பான தடம் தெரிந்தது. மண் நிரம்பியதால் கவசம் சற்று விலகி, அதன் விளிம்பு லைனை உரசிக்கொண்டே பறந்திருக்கிறது. பள்ளத்தில் நகத்தை வைத்தால் நகம் மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கவசம் கழுவித் துடைத்து அழகாக நின்றது.

இரத்மலானை கல்கிசைக் கடற்கரைக்குப் பக்கம், உப்புக்காற்று எதையும் விடாது. ஸ்டெயின்லெஸ் பின்னலும் அலுமினிய முனையும் தொடும் இடத்தில், கிளாம்புக்கு அடியில், வெள்ளைத்தூள் பூக்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, கிளாம்பைத் தளர்த்திப் பாருங்கள்.

முன்சக்கரத்துக்குக் கவசம் போட்டபிறகு நடுங்குது மாமா.

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பும் முள்ளில் (ஃபோர்க்) பாரம் கூடியிருக்கிறது. முன்முள் திரும்புவதற்குக் குறிப்பிட்ட அளவு இறுக்கம் வேண்டும், அந்த அளவு உங்கள் விமானத்தின் கையேட்டில் இருக்கும். மீன்கடைத் தொங்குதராசு போன்ற ஒன்றை அச்சில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்து, எந்த எடையில் திரும்பத் தொடங்குகிறது என்று பாருங்கள். அதோடு டயர் சமநிலையும் காற்றழுத்தமும். மூன்றும் சரியாக இருந்தும் நடுங்கினால் கவசத்தின் தாங்கித்தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். நடுக்கத்தால் வெடிக்கும், வெடித்ததால் இன்னும் நடுங்கும்.

இதையெல்லாம் மாற்ற யாரிடமாவது அனுமதி எடுக்கவேணுமா?

எங்கே பதிவு செய்த விமானம் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் பரிசோதனை வகையில் கட்டியவருக்குச் சுதந்திரம் கூட, பதிவேட்டில் எழுதுவதும் எடைக்கணக்கைத் திருத்துவதும் அவர் பொறுப்பு. பிரித்தானியாவில் எல்.ஏ.ஏ. (இலகு விமானச் சங்கம்) ஊடாகப் பறக்கும் விமானத்தில் மாற்றம் செய்ய அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சொந்த நடைமுறைகள் உண்டு, தொடங்கமுன் உங்கள் பரிசோதகரிடம் பேசுங்கள்.

என் மாணவர்களுக்கு: நீங்கள் வேலை செய்யும் செஸ்னா சான்றிதழ் பெற்ற விமானம். இந்தப் பக்கத்தில் உள்ள 'மாற்றலாம்' எதுவும் அதற்குப் பொருந்தாது. அங்கீகரித்த பாகம், அங்கீகரித்த கையேடு, கையொப்பமிடத் தகுதியுள்ளவரின் கையொப்பம். கவசத்தைக் கழற்றிப் பறப்பதற்குக்கூட கையேடு என்ன சொல்கிறது, எடைக்கணக்கு மாறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்.

கவசம் பூட்டியிருக்கும்போது பறக்கமுன் என்னத்தைப் பார்க்கிறது? ஒன்றும் தெரியாதே.

குனியவேண்டும். முழங்காலில் இருந்து, டோர்ச்சைக் கீழிருந்து மேலே அடித்து டிஸ்க், பேட்டின் தடிப்பு, காலிப்பரின் அடிப்பக்கம் மூன்றையும் பாருங்கள். ஸ்டிக்கரைத் துளை வழியாகப் பாருங்கள். கவசத்தைக் கையால் பிடித்து ஆட்டுங்கள், திருகாணி தளர்ந்திருந்தால் கைக்குத் தெரியும். பெடலை மிதித்து அப்படியே பிடித்திருங்கள், மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் பறக்கவேண்டாம். 25 மணித்தியாலப் பறப்புக்கு ஒருமுறையாவது கவசத்தை முழுதாகக் கழற்றுங்கள், இது என் கணக்கு. திருகாணிகள் லேசாகக் கழன்று வரும்படி ஆரம்பத்திலேயே நல்ல நட்டுத்தகடுகள் போட்டுவைத்தால், கழற்ற மனம் வரும்.

மருமகனுக்குச் சொன்ன இன்னொன்று: ஹேங்கரில் விடும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டுப் போ. காலையில் விமானத்தைத் தள்ள முன்னர் அட்டையைப் பார். ஒரேயொரு சிவப்புப் புள்ளி இருந்தாலும், அன்றைக்குக் கவசத்தைக் கழற்று.